ஐந்து நாள் ஊசி மட்டும் தந்த பகவதி

பகவதி இறந்துபோன செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. பூட்டிக் கிடந்த ஒரு ஷட்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தம்பானூரில் நான் வேலை பார்க்கும் பஸ் டிக்கெட் அலுவலகத்துக்கு அன்று காலை ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். வழக்கமான வழியில் ஏதோ ஊர்வலம். "சேச்சி, அவிடே ஜாத. நமுக்கு இதிலே போகாம்" என்று டிரைவர் ஆஸ்பத்திரி இருக்கும் சாலைக்குள் வண்டியைத் திருப்பினார். இரண்டு வருடமாக நான் தலைவைத்துக்கூடப் படுக்காத சாலை அது. பகவதி வேலை பார்த்த மருந்துக் கடை பூட்டியிருந்தது. ஷட்டரில் கறுப்புக் கரை போட்ட 'ஆதராஞ்சலிகள்' போஸ்டர். அதில் பகவதியின் முகம். அடையாள அட்டைக்கு எடுத்த படம். யாரையோ முறைப்பது போல இருக்கும். கீழே வயது நாற்பத்திரண்டு என்று போட்டிருந்தார்கள்.

ஆட்டோவை நிறுத்தி இறங்கினேன். பக்கத்து டீக்கடைக்காரர்தான் விவரம் சொன்னார். முந்தின நாள் மத்தியானம் தலை வலிக்கிறது என்று ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் யாருடைய மருந்துச் சீட்டோ இருந்திருக்கிறது. அப்படியே சரிந்துவிட்டாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டதாம். எதிரே ஆஸ்பத்திரி இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. சாயங்காலம் மூன்று மணிக்கு எடுக்கிறார்கள், வீடு கரமனையில் என்றார். நான் அந்த டீக்கடைப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெஞ்சில் உட்கார எனக்கு அருகதை கிடையாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் பேராசிரியர்களுக்கும் நன்கொடை தந்தவர்களுக்கும் அஞ்சலி வருவதுதான் வழக்கம். மருந்துக் கடையில் நின்ற ஒரு பெண்ணுக்கு எதற்கு இத்தனை பக்கம் என்று சிலர் கேட்பீர்கள். வேறு சிலர் கேட்க மாட்டீர்கள். நீங்கள் அந்தக் கடைப் படியில் சீட்டை எட்டாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, தெரிந்த முகம் ஏதாவது வருகிறதா என்று பார்த்தபடி நின்றவர்கள். என்னைக் கண்டதும் கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடியவர்கள். நானும் தேடியிருக்கிறேன். பயப்பட வேண்டாம், யார் பெயரையும் எழுதப் போவதில்லை. என் பெயர் சிவகாமி. அதை மட்டும் எழுதுகிறேன்.

எனக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருடம் கழித்துத்தான் குழந்தைக்கான ஊசி வைத்தியத்துக்குப் போனோம். முதல் தடவை டாக்டர் பத்து நாளைக்கு ஊசி எழுதினார். என் கணவர் எதையும் மொத்தமாக வாங்குகிற குடும்பத்தில் பிறந்தவர். உளுந்து, மிளகாய் வற்றல், புளி எல்லாம் வருடத்துக்கு ஒரு தடவை சாலைக் கடைத்தெருவில் மூட்டையாக எடுத்துப் போட்டால்தான் லாபம் என்பது திருநெல்வேலியிலிருந்து அவர்கள் கூடவே கொண்டுவந்த சட்டம். ஊசியையும் அப்படியே வாங்கினார். ஒரு பெரிய கடையில் பத்து நாளைக்கும் சேர்த்து எடுத்தால் கொஞ்சம் தள்ளுபடி உண்டு என்றார்கள். மனிதருக்கு ஒரே சந்தோஷம். ஆறாம் நாள் ஸ்கேனில் டாக்டர் முகத்தைச் சுளித்தார். மருந்தை மாற்றினார். மீதி ஐந்து நாள் ஊசி எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் மிளகாய் வற்றல் கணக்காகக் கிடந்தது.

அதைத் திருப்பிக் கொடுக்கக் கடை கடையாக ஏறி இறங்கினேன். வாங்கிய கடையில் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடைசியாக ஏறியது பகவதி நின்ற கடை. நாகர்கோவில் பக்கத்துப் பெண் என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்தது. என்னைவிட மூன்று வயது இளையவள் என்பது பிறகு தெரிந்தது.

"எக்கா, இது நம்ம கடையில வாங்கினதில்ல. நம்ம கடையில வாங்கியிருந்தாலும் திரும்ப எடுக்க மாட்டேன். ஒங்க ஃபிரிட்ஜ நான் பாத்தேனா? வழியில வெயிலு பட்டுச்சா, கரன்ட் போச்சா, எனக்கு என்ன தெரியும்? நாளைக்கு இத இன்னொருத்திக்கில்லா குடுக்கணும்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. "யாரு ஒங்ககிட்ட பத்து நாளைக்கும் சேத்து வாங்கச் சொன்னா? ஆறாம் நாளு ஸ்கேன் உண்டுல்லா? அதப் பாத்துதான் டாக்டரு கூட்டுவாரு, கொறைப்பாரு, செலபோ நிறுத்துவாரு. ஸ்கேன் வரைக்கும் வாங்குங்க. பின்ன ஸ்கேன் பாத்துட்டு வாங்குங்க." என் கணவரின் மூட்டைச் சட்டத்தைச் சொன்னேன். கவுண்டரில் கையூன்றிச் சிரித்தாள். டாக்டர் மாற்றி எழுதிய மருந்தை அவளிடமே வாங்கினேன். அன்றிலிருந்து என் கணவருக்கு அந்தக் கடையில் 'வத்தல் அண்ணாச்சி' என்று பெயர். அவருக்குத் தெரியாது.

கடைக்காரி ஒருத்தி பாதி போதும் என்று சொல்லி விற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முதலாளிக்கும் அது பிடிக்கவில்லை. நான் நிற்கும்போதே ஒருநாள், "நீ கடைக்கு வேலை பார்க்கிறாயா, இவர்களுக்கு வேலை பார்க்கிறாயா?" என்று மலையாளத்தில் கத்தினார். பகவதி ஊசிப் பெட்டியைத் தெர்மோகோலில் கட்டிக்கொண்டே, "ரண்டு பேர்க்கும் தன்னே சாரே" என்றாள். அவர் உள்ளே போனதும் என்னிடம், "அஞ்சு நாளைக்கு வாங்கினவ அடுத்த அஞ்சு நாளைக்கும் இங்கதான வருவா? அது இவருக்கு மண்டையில ஏறாது" என்றாள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. வேறு எந்தக் கடையிலும் நான் அதைக் கண்டதில்லை. ஒரே மருந்து பல கம்பெனியில் பல விலைக்கு வரும். ஆனால் டாக்டர் எழுதியதைக் கடைக்காரி மாற்றக் கூடாது. "நான் மாத்தித் தந்தா என் லைசென்ஸ் போவும். டாக்டர்ட்ட கேளுங்க, அவரு மாத்தி எழுதட்டும்" என்பாள். எங்களுக்கோ டாக்டரிடம் விலையைப் பற்றிக் கேட்க நாக்கு எழாது. பிள்ளைக்காகப் போன இடத்தில் பேரம் பேசுகிறாளே என்று அவர் நினைத்துவிட்டால்? அதற்குத்தான் பகவதி ஒத்திகை வைத்தாள். கூட்டம் குறைந்த நேரத்தில் கவுண்டருக்கு உள்ளே ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, "நான்தான் டாக்டர். கேளுங்க" என்பாள். நான் முதல் தடவை, "டாக்டர், இதிலே..." என்று ஆரம்பித்து அழுதுவிட்டேன். "ஊசி வலிக்காது எக்கா. இந்தக் கேள்விதான் வலிக்கும். ரெண்டு தடவ சொன்னா மரத்துரும், சொல்லுங்க" என்றாள். மூன்றாம் தடவை முழுதாகச் சொன்னேன். மறுநாள் டாக்டரிடம் கேட்டபோது, "ஓ, அதினெந்தா?" என்று, அதற்கென்ன என்பது போல, அரை நிமிஷத்தில் மாற்றி எழுதிக் கொடுத்தார். இத்தனை நாள் எதற்குப் பயந்தேன் என்று இருந்தது.

பொன்முடி எஸ்டேட்டிலிருந்து ஒரு பெண் வருவாள். லயத்து வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. பஸ்ஸும் அத்தனை கிடையாது. ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய ஊசியை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவள் அதைச் சொல்லவே இல்லை. சொன்னால் வைத்தியமே கிடையாது என்று அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். பகவதிதான் எங்கே வைப்பாய் என்று கேட்டுப் பிடித்தாள். வெளியில் வைத்தாலும் கெடாத பொடி மருந்து ஒன்று உண்டு, அது ஆகுமா என்று கேட்கும்படி அந்தப் பெண்ணை நிற்கவைத்து மலையாளத்தில் ஒத்திகை பார்த்தாள். அரைமணி நேரத்தில் அவள் வேறு சீட்டோடு ஓடிவந்தபோது பகவதி போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. ஒன்றரை வருடம் கழித்து அந்தப் பெண் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நானும் அன்று கடையில் இருந்தேன். பகவதி குழந்தையை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பவே இல்லை. என் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டாம் தடவை நடந்ததை என் மாமியாருக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். இந்த மலர் வீட்டுக்கு வந்தால் ஒளித்துவைக்க வேண்டும். பகவதி சொன்னபடி ஐந்து நாள் ஊசி மட்டும் வாங்கியிருந்தேன். முதல் ஊசி போட்டாயிற்று. மறுநாள் சதுர்த்தி. நான் வேலைக்குப் போனதும் மாமியார் மீதி நான்கையும் பெட்டியோடு எடுத்துப் பூக்கூடையில் வைத்து, மேலே தேங்காயும் அருகம்புல்லும் போட்டுப் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டார். அங்கே வரிசையில் நின்று, பெட்டியைப் பிள்ளையார் காலடியில் வைத்து வாங்கி, தேங்காய் உடைத்து, போன காலோடு சாலையில் வாழைப்பூவும் வாங்கிக்கொண்டு வெயிலில் நடந்து மத்தியானம் வீடு சேர்ந்தார். சாயங்காலம் பெட்டியில் சந்தனம் இருந்ததைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. மாமியாரையும் பெட்டியையும் கூட்டிக்கொண்டு பகவதியிடம் ஓடினேன்.

அவள் புறங்கையால் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். கம்பெனிக்குப் போன் போட்டு மெதுவாக ஏதோ கேட்டாள். போனை வைத்துவிட்டு மாமியாரிடம், "ஆச்சி, இந்தப் பெட்டியில தேதி அடிச்சதுல ஒரு கொழப்பம் கெடக்கு. இது வேண்டாம், வேற எடுத்துக்கலாம்" என்றாள். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தியாளா சிவகாமி, பிள்ளையாரப்பன் காலடியில வச்சதாலதான் வெளிய வந்துச்சு!"

பகவதி முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. "உள்ளதாக்கும் ஆச்சி. அடுத்த தடவ சீட்ட மட்டும் கொண்டு போங்க. அவருக்கு வாசிக்கத் தெரியும்லா."

அதன் பிறகு இது கடையில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கோயிலுக்கு ஊசியைக் கொண்டுபோகத் துடித்தவர்களிடமெல்லாம் இதையே சொல்லியனுப்பினாள். சந்தனம் ஒட்டிய சீட்டு வந்தால், "ஓ, பெரியவரு பாத்தாச்சா?" என்று பிரிப்பாள். அன்று மாமியார் படியிறங்கியதும் என் காதோரம், "நாலு ஊசியோட போச்சு எக்கா. வத்தல் அண்ணாச்சி கணக்குக்கு ஒம்பது போயிருக்கும்" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

இரண்டாம் தடவையும் கரு நிற்கவில்லை. மூன்றாம் தடவையும் நிற்கவில்லை. மூன்றாவதில் பன்னிரண்டு நாள் நான் கர்ப்பிணி. அதை அறிந்தவர்கள் டாக்டர், என் கணவர், பகவதி மூன்று பேர்தான். பதிமூன்றாம் நாள் கடைக்குப் போய் நின்றேன். அவள் கவுண்டர் பலகையைத் தூக்கி என்னை உள்ளே அழைத்து மருந்து அலமாரிக்குப் பின்னால் உட்காரவைத்தாள். மாலைவரை அங்கே இருந்தேன். வந்தவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் என் தலையை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனாள்.

நான்காவது சீட்டோடு போனபோது எனக்கு நாற்பத்து மூன்று முடிந்திருந்தது. வளையலை அடகு வைத்திருந்தேன். பகவதி சீட்டை வாசித்தாள். மறுபடி வாசித்தாள். மருந்து எடுக்காமல், "ஒரு சாயா குடிப்பம் எக்கா" என்று வெளியே வந்தாள். பக்கத்து டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"எக்கா, இத வாங்காதீங்க."

"அஞ்சு நாளைக்கு மட்டும்தானே கேக்குறேன்?"

"அஞ்சு நாளைக்கும் வேண்டாம். மூணு தடவையும் நான்தான எடுத்துத் தந்தேன்? மருந்து ஏறிக்கிட்டே போகு, முட்டை கொறஞ்சுக்கிட்டே வருகு. எனக்குத் தெரியுகு, ஒங்களுக்கும் தெரியுகு. டாக்டர்ட்ட வெலயக் கேட்டியள்லா, இனி இதையும் நேரா கேளுங்க. இதுல எனக்குப் பிள்ள கெடைக்கும்னு நீங்க நெனைக்கியளான்னு கேளுங்க. அவரு ஆமான்னு சொன்னா வாங்க, தாறேன். ஒங்க ஒடம்ப எனக்குப் பாக்க முடியல்ல எக்கா. மதி, போதும்."

பிறகு நான் சொன்னதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். எழுதாவிட்டால் இந்த அஞ்சலிக்கு அர்த்தம் இல்லை. பகவதிக்கு ஒரு மகள் உண்டு. அன்றைக்கு அந்தப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ பரிசு கிடைத்ததென்று காலையில் போனில் சொல்லியிருந்தாள்.

"பெத்தவ நீ. நீ சொல்லுவ" என்றேன்.

அவள் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் சீட்டை அவள் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு நடந்தேன். நேரே வேறொரு கடைக்குப் போய், விலைகூடக் கேட்காமல், பத்து நாளைக்கும் சேர்த்து வாங்கினேன். அவளுக்குக் காட்டத்தான் வாங்கினேன். அவள் எங்கே பார்க்கப் போகிறாள்? ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

ஆறாம் நாள் ஸ்கேனில் ஒன்றுமே வளர்ந்திருக்கவில்லை. அன்று டாக்டரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இல்லை என்றார். வருத்தத்தோடு, நல்ல மனிதராகத்தான் சொன்னார். யாரும் கேட்காததால் யாருக்கும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அன்றே பகவதியிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. கோபம் அன்றோடு தீர்ந்துவிட்டது, வெட்கம் தீரவில்லை. போனில் ஒரு வரி எழுதுவேன், அழிப்பேன். ஆபீசுக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டேன். தலைவலி மாத்திரைகூட வேறு இடத்தில் வாங்கினேன். ஒருநாள் தம்பானூர் ஸ்டாண்டில் நாகர்கோவில் பஸ்ஸுக்கு அவள் மகளோடு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டு எழும்பி நின்று கையைத் தூக்கினாள். நான் குனிந்து கம்ப்யூட்டரில் யாருக்கோ பெங்களூர் டிக்கெட் பார்க்கிற மாதிரி இருந்தேன். கவுண்டரில் யாருமே இல்லை. நிமிர்ந்தபோது பஸ் போய்விட்டிருந்தது.

அவளை எடுத்த அன்று கரமனை வீட்டு வாசலில் எத்தனை பெண்கள்! உறவுக்காரர்கள் ஒரு பக்கம். எந்த உறவும் இல்லாத நாங்கள் மதிலோரம். அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, "நீங்க...?" என்று கேட்டார். என் முறை வந்தது. "சுகர் மாத்திரை வாங்குவேன்" என்றேன். எனக்கு அடுத்து நின்ற பெண், "நான் தைராய்டுக்கு" என்றாள். அதற்கடுத்தவள் பிரஷர் என்றாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. உள்ளே அவள் கிடக்கிறாள். அவளைக் கடைசியாகப் பார்க்க வந்த இடத்தில்கூட அவள் எங்களுக்கு யாரென்று சொல்ல வாய் வரவில்லை.

பதினாறாம் நாள் முடிந்து மறுபடி போனேன். அவள் கணவரிடம் உண்மையைச் சொன்னேன். குழந்தைக்காக நான்கு தடவை ஊசி போட்டேன், மூன்று தடவை பகவதி கையால் வாங்கினேன், கடைசியில் அவளைப் பேசக் கூடாதது பேசினேன் என்றேன்.

"இந்த ஊருல இத்தன பொம்பளைகளுக்கு ஒரே வயசுல சுகரான்னு எனக்கு அன்னைக்கே தோணிச்சு" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அவ வீட்டுல ஒரு பேரும் சொல்ல மாட்டா. ஒருநா மட்டும் வந்து சோறு உண்ணாம இருந்தா. ஒரு அக்காட்ட சொல்லப்படாதத சொல்லிட்டேன், அத சொல்ல நான் யாருன்னு ஒரே அழுகை, கரச்சல். மறுநா வெளிய கெளம்பி, ஆற்றுகால் அம்மையத் தொழுதுட்டு வந்தா. என்னத்துக்குன்னு கேட்டேன். நான் சொன்னது பொய்யாப் போணும், அந்த அக்காவுக்குப் பிள்ள கெடைக்கணும்னு நேந்துட்டு வந்தேன்னா. அதுக்குப் பெறவு ரொம்ப நாளு, கடைப் படியில பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு யாரு ஏறினாலும் நீங்கதானான்னு எட்டிப் பாப்பாளாம்."

எனக்காக வேண்டாதவர்கள் இல்லை. மாமியார், என் அம்மா, ஆபீஸ்காரர்கள், பெயர் தெரியாத ஜோசியர்கள். ஆனால் தான் சொன்ன சொல் பொய்யாகட்டும் என்று எனக்காக வேண்டிக்கொண்டவள் அவள் ஒருத்திதான். அவளிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அந்த வேண்டுதல். அது பலிக்கவில்லை. ஆனால் அதைத் தூக்கிப்போட எனக்கு மனது இல்லை. என் பிள்ளைக்கென்று இந்த உலகத்தில் கடைசியாக யாரோ வைத்த ஆசை அது.

பகவதி, நீ சொன்னது சரிதான். இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் இருந்தது.